ஊர் என்றால் யார்?

“ஊர் கூடி முடிவு செய்துவிட்டது” என்கிறார்கள். “ஊர் ஒப்பாது” என்கிறார்கள். “ஊர் என்ன சொல்லும்?” என்று அஞ்சி, விரும்பிய பெண்ணை மணக்காமலும் வெறுத்த சடங்கை விடாமலும் வாழ்ந்து முடித்தோர் எத்தனை பேர்! கண்ணுக்குத் தெரியாத கடவுளைக் கேள்வி கேட்கத் துணிந்துவிட்ட நம் இளைஞர்களிற் பலர், கண்ணெதிரே நின்று கட்டளையிடும் இந்த ஊரைப் பார்த்து, ‘நீ யார்? உன்னுள் யார் யார் அடக்கம்?’ என்று கேட்கத் தயங்குகின்றனர். தயக்கத்துக்குக் காரணம் உண்டு. கடவுளிடம் நமக்குக் கொடுக்கல் வாங்கல் இல்லை, ஊரிடம் உண்டு.

நாம் ஆசிரியப்பணி புரிவது நாஞ்சில் நாட்டுச் சிற்றூர் ஒன்றில். பெயர் வேண்டா. தோவாளை, அகத்தீசுவரம் வட்டங்களிலுள்ள எந்த ஊரின் பெயரை அந்த இடத்தில் எழுதினாலும் பெரும்பாலும் பொருந்தும். பின்னணியில் மலை, முன்னே தாமரை படர்ந்த குளம், குளக்கரையில் அரசமரம், அப்பால் கன்னிப்பூ, கும்பப்பூ என இருபோகம் விளைந்த வயல், இன்று அதில் பாதி தென்னையாகவும் வாழையாகவும் வீட்டு மனைக்கல்லாகவும் மாறி நிற்கிறது. ஓட்டு வீடுகளும் அவற்றை விழுங்கி எழுந்த மாடி வீடுகளும் கொண்ட இரண்டு மூன்று தெருக்கள். ஒரு தேநீர்க் கடை. அங்கே ஒருவர் மற்றவரைக் கேலி செய்யும் நயத்தைக் கேட்டால், ஒழுகினசேரியில் பிறந்த கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனுக்கு நகைச்சுவை எந்த மண்ணிலிருந்து வந்தது என்பது விளங்கும். சிக்கனம், குத்தல் பேச்சு, விருந்தென்றால் இலை கொள்ளாத கறிவகை: இவை இவ்வூர்களின் இயல்பு.

குற்றம் சொல்வதற்கு முன் குணம் சொல்வோம். அதுதான் நேர்மை.

ஒரு வீட்டில் சாவு நேர்ந்தால் அந்தத் தெருவில் அடுப்பு எரிவதில்லை. பந்தற்கால் நட ஆள் தேட வேண்டியதில்லை. மூங்கில் வெட்டக் கூலி பேச வேண்டியதில்லை. உறவினருக்குச் செய்தி சொல்ல நான்கு பேர் நான்கு திசையில் புறப்பட்டிருப்பர். பகையாளியும் வந்து திண்ணையோரம் நிற்பான். துயருற்ற வீட்டுக் குழந்தைகளை எவளோ ஒரு தாய் தன் வீட்டுக்கு அழைத்துச் சென்று ஊட்டியிருப்பாள். மாநகரத்து அடுக்குமாடியில் பக்கத்துக் கதவுக்குப் பின்னால் இருப்பவர் பெயரும் தெரியாமல் பத்தாண்டு வாழ்வோர், இதை எண்ணி ஏங்குவது இயற்கை. இகழ்வோர் இகழட்டும்; நாம் இகழோம். மனிதன் மனிதனுக்குத் துணை நிற்கும் காட்சி எங்கிருப்பினும் பகுத்தறிவாளனுக்கு உரியதே.

ஆனால் அந்தப் பாடை தெருமுனைக்கு வந்ததும் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்ததுண்டா? இந்தச் சாதிக்கு இந்தச் சுடுகாடு. அந்தச் சாதிக்கு வாய்க்காலுக்கு அப்பால் வேறு சுடுகாடு. செத்த பிறகும் பிணம் வழி தவறிப் போய்விடக் கூடாதாம்! சாதி வேறுபாடின்றி ஒரே மயானத்தைப் பயன்படுத்தும் சிற்றூர்களுக்குப் பரிசளிப்போம் என்று 2021இல் தமிழ்நாடு அரசு அறிவித்தது. பத்து இலட்ச ரூபாய்! நல்ல திட்டந்தான். எனினும், சாம்பலைச் சாம்பலாகக் கருதுவதற்கே சன்மானம் அறிவிக்க வேண்டியிருக்கிறதே என்று எண்ணும்போது, மகிழ்வதா நாணுவதா என்பது புரியவில்லை.

ஊர் என்றால் யார் என்ற கேள்விக்கு விடை ஒரு நோட்டுப் புத்தகத்தில் இருக்கிறது. அம்மன் கொடைக்கும் மாடன் கொடைக்கும் வரி பிரிக்கிறார்களே, அந்தத் தலைக்கட்டு நோட்டுத்தான் அது. கொடை வேண்டுமா வேண்டாவா என்பது வேறு வழக்கு. அதில் நம் கருத்தைத் தோழர்கள் அறிவர். நாம் இங்கே பார்ப்பது பட்டியலை. அதில் எவன் பெயர் ஏறுகிறதோ அவன் ஊர்க்காரன். பெரும்பாலும் ஒரே சாதி, பெரும்பாலும் ஆண். முந்நூறு வீடுகள் உள்ள இடத்தில் நூறு தலைக்கட்டு கூடி, ‘ஊர் முடிவு செய்தது’ என்று அறிவிக்கிறது. அதற்கு எதிரே அரசு வைத்திருக்கும் மற்றொரு பட்டியல் வாக்காளர் பட்டியல். 1994ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின்படி கிராமசபை என்பது அப்பட்டியலில் உள்ள அனைவரும்: ஆணும் பெண்ணும், தெருவும் குடியிருப்பும். சட்டத்தின் ஊர் பெரியது. வழக்கத்தின் ஊர் சிறியது. கிராமசபை கூடும் குடியரசு நாளன்று நாற்காலிகள் காலியாகக் கிடக்கின்றன. கொடைக் கூட்டத்தன்று நிற்க இடமில்லை! அதிகாரம் எங்கே குடியிருக்கிறது என்பதை நாற்காலிகளே சொல்லிவிடுகின்றன.

ஊரைப்பற்றிப் பெரியவர்கள் நடத்திய வாதம் பழையது. 1830இல் மெட்காஃப் என்ற வெள்ளைக்கார அதிகாரி, இந்தியச் சிற்றூர்கள் தமக்குத் தாமே போதுமான சின்னஞ்சிறு குடியரசுகள் என்று வியந்து எழுதினார். காந்தியார் அச்சிற்றூரில் நாட்டின் உயிரைக் கண்டார். 1948 நவம்பர் 4ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையில் எழுந்த அண்ணல் அம்பேத்கர், அந்தப் புகழ்மாலையை ஈவிரக்கமின்றி அறுத்தெறிந்தார். அறியாமையும் குறுகிய மனமும் சாதிவெறியும் குடிகொண்ட இடந்தானே அது என்று கேட்டார். மூவரும் பார்த்தது ஒரே ஊரைத்தான். ஆனால் ஒருவர் குதிரைமீதிருந்து பார்த்தார். ஒருவர் விருந்தினராக உள்ளிருந்து பார்த்தார். ஒருவர் வெளியே நிறுத்தப்பட்டவராகப் பார்த்தார். வீட்டின் இயல்பை அறிய வேண்டுமானால் வாசலில் தடுக்கப்பட்டவனைத்தானே கேட்க வேண்டும்?

நாஞ்சில் நாட்டுக்கு இயற்கையே ஒரு பாடம் கற்பித்திருக்கிறது. இங்கே எந்தக் குளமும் தனிக்குளமன்று. மேற்குளம் நிரம்பினால் அதன் மறுகால் கீழ்க்குளத்துக்கு வரும். கீழ்க்குளத்தின் மறுகால் அடுத்த ஊருக்கு. பழையாறு ஊர் ஊராகத் தண்ணீரைக் கைமாற்றிக்கொண்டே போய் மணக்குடியில் கடலைச் சேர்கிறது. மேற்கே கோதையாற்றின் குறுக்கே 1906இல் கட்டி முடித்த பேச்சிப்பாறை அணையின் நீரும் கால்வாய் வழியே வந்து இந்த வயல்களை நனைக்கிறது. மேல்மடைக்காரன் தன் மடையை மட்டும் எண்ணினால் கடைமடைக்காரன் வயிறு காயும். எனவே முறை வைத்துப் பாய்ச்சினார்கள், இரவில் விழித்துக் காத்தார்கள், மண்வெட்டியோடு சண்டையிட்டார்கள், பிறகு சமாதானமும் ஆனார்கள். பிறன் இல்லாமல் தான் இல்லை என்பதைத் தத்துவ நூல் படிக்காமலே அறிந்த மக்கள் இவர்கள்.

அறிந்தும் என்ன! அந்த வயலில் இறங்கி நாற்று நட்ட கை தீட்டில்லை. அந்தக் கை அறுத்த நெல் தீட்டில்லை. களத்தில் அடித்துத் தூற்றிக் குவித்த பொலி தீட்டில்லை. அந்த நெல்லைக் குத்திப் பொங்கிய சோறு தெய்வத்துக்கே படைக்கப்பட்டது. அதே கை கிணற்றுக் கயிற்றைத் தொட்டால் மட்டும் தீட்டு! தீட்டு என்பது உண்மையிலேயே ஒட்டிக்கொள்ளும் பொருளாக இருந்தால் முதலில் நெல்லில் அல்லவா ஒட்டியிருக்க வேண்டும்? ஒட்டவில்லை. ஏனெனில் நெல் வேண்டியிருந்தது. வேண்டியதில் ஒட்டாமல் வேண்டாததில் மட்டும் ஒட்டும் இந்த விந்தைப் பொருளை எந்த அறிவியற் கூடத்தில் வைத்து ஆராய்வது!

அழகியபாண்டியபுரத்துப் பெரிய வீட்டிலிருந்து கிடைத்த முதலியார் ஓலைகள் நாஞ்சில் நாட்டு வரலாற்றுக்குப் பெருஞ்செல்வம். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை கண்டறிந்தவை, ஆய்வாளர் அ.கா. பெருமாள் பதிப்பித்தவை. வரி, நீர், நிலம், ஊர்க் கூட்டம் எனப் பலவும் பேசும் அந்த ஆவணங்களில் மனிதரை விற்ற ஓலைகளும் உண்டு. நிலத்துக்கு எல்லை குறிப்பதுபோல ஆளுக்கும் விலை குறித்து, சாட்சி வைத்து, முறைப்படி எழுதிக்கொண்டார்கள். எழுதியவர்கள் கொடியவர்களா? அங்கேதான் நம் கேள்வி கூர்மையடைகிறது. அவர்களும் பக்கத்து வீட்டுச் சாவுக்கு அடுப்பு அணைத்தவர்களாகத்தான் இருந்திருப்பர். வழிப்போக்கனுக்கு மோர் ஊற்றியவர்களாகத்தான் இருந்திருப்பர். 1855இல் திருவிதாங்கூரில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது. அந்த ஆண்டு வரை அந்த நல்லவர்களின் நன்மைக்கு அடிமை முறை இடையூறாகத் தோன்றவில்லை.

அப்படியானால் ஊருக்கு அன்பு இல்லையா? இருக்கிறது, வேண்டிய மட்டும் இருக்கிறது. உழைப்பாளிக்கு அறுப்புக் காலத்தில் நெல் கொடுத்தார்கள். பண்டிகைக்குத் துணி கொடுத்தார்கள். பிள்ளைக்கு நோய் என்றால் மருந்துக்கும் கொடுத்தார்கள். வாரிக் கொடுத்தவர்களும் உண்டு. கொடுக்கும்போது அவன் எங்கே நின்றான்? முற்றத்தில். எப்படி வாங்கினான்? குனிந்து. தயவு என்பது மேலிருந்து கீழே பாயும் நீர். மேடு மேடாகவே இருந்தால்தான் அது பாயும். உரிமை அப்படியன்று. தயவு, தெரிந்த முகத்தைத் தேடிச் செல்லும். நீதி, தெரியாத முகத்துக்கும் கடன்பட்டது. ஊரில் வற்றியிருப்பது முன்னதன்று, பின்னது. இந்த வேறுபாடு புரியாமல், ‘எங்கள் ஊரில் எல்லாரும் அண்ணன் தம்பிபோலப் பழகுகிறோம்’ என்று சொல்வோர் பொய்யர் அல்லர். பாதி உண்மையோடு மன நிறைவு கொண்டவர்கள்.

நோட்டில் பெயர் ஏறிய வீட்டுக்குள்ளேயும் வேலி இருந்தது என்பதை மறக்க வேண்டா. நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே மருமக்கள்வழி உரிமை வழங்கியது. காரணவரின் சொத்து சகோதரி பிள்ளைகளுக்கு. கட்டிய மனைவிக்கும் பெற்ற பிள்ளைக்கும் ஏதோ கொஞ்சம். கணவன் கண்ணை மூடினால் மனைவி வாசலுக்கு வர வேண்டிய நிலை. அப்படிப்பட்ட வீட்டில் வாழ்க்கைப்பட்ட ஒருத்தி தன் துயரைத் தானே சொல்லும் முறையில் கவிமணி மருமக்கள்வழி மான்மியத்தைப் பாடினார். படித்தவர் சிரித்தனர், சிரித்த பிறகு வெட்கினர். 1926இல் சட்டம் வந்து மக்கள்வழி நிலைத்தது. இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று: அந்த வேலியின் முள் தம்மைக் குத்தியபோது அதைப் பிடுங்கத் தெரிந்த இதே மக்கள், வாய்க்காலுக்கு அப்பால் இருந்தவனைக் குத்திய முள்ளைப் பார்த்து, ‘அது ஊர் வழக்கம்’ என்றனர்.

வழக்கம் தானாக மாறியதா? நாஞ்சில் நாட்டு வரலாறு ‘இல்லை’ என்று உரத்துச் சொல்கிறது. மார்பை மறைக்கத் துணி கேட்ட பெண்களின் தோள்சீலைப் போராட்டம் 1822 தொடங்கி 1859 வரை நீண்டது. வீடுகள் எரிந்தன, பள்ளிகள் எரிந்தன. 1859 சூலையில் வந்த அரசாணையும், உயர்சாதிப் பெண்கள் உடுத்தும் முறையில் உடுத்தக் கூடாது என்ற வாலோடுதான் வந்தது. சாமித்தோப்பில் வைகுண்டர், பதினெட்டுச் சாதியும் ஒரு கிணற்றில் நீர் மொள்ளலாம் என்று முத்திரிக்கிணறு கண்டார். தலை குனிந்து நடந்தவனைத் தலைப்பாகை கட்டச் சொன்னார். சிறைக்கும் அனுப்பப்பட்டார். அவரைத் தெய்வமாக வணங்குவோர் வணங்கட்டும். நம் கண் கிணற்றின்மீது இருக்கிறது. 1924இல் வைக்கத்தில் தெருவில் நடக்கும் உரிமைக்காகப் பெரியார் இருமுறை சிறை புகுந்தார். 1926இல் அதே உரிமைக்காக நம் சுசீந்திரத்திலும் போராடினார்கள். 1936 நவம்பர் 12இல் கோயிற்கதவு திறந்தது. இவற்றுள் எந்த ஒன்றையாவது ஊர் கூடி, நோட்டை விரித்து, ‘இதுவரை செய்தது தவறு’ என்று முடிவு செய்து கொடுத்ததுண்டா? ஊரின் ஓரத்தில் நின்றவன் உள்ளே வந்தான். உள்ளே நின்ற ஒருசிலர் அவனோடு வெளியே போய் நின்றனர். அப்படித்தான் எல்லை நகர்ந்தது.

‘கல்வி பரவினால் எல்லாம் சரியாகிவிடும்’ என்பார்கள். ஆசிரியராகிய நாமே அதை நம்பத் தயங்குகிறோம். 2011 கணக்கெடுப்பில் குமரி மாவட்டத்தின் எழுத்தறிவு 91 விழுக்காட்டுக்கு மேல், தமிழ்நாட்டிலேயே முதலிடம். மகிழ்ச்சி. ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் உங்கள் ஊரைப் படமாக வரையுங்கள் என்று சொல்லிப் பார்த்தோம். அழகழகாக வரைந்தார்கள். குளம் இருந்தது, கோயில் இருந்தது, பேருந்து இருந்தது, அரசமரத்துக் காக்கையும் இருந்தது. வாய்க்காலுக்கு அப்பாலுள்ள குடியிருப்பு மட்டும் ஒரு படத்திலும் முழுமையாக இல்லை. அங்கிருந்து வரும் பிள்ளைகளும் முதலில் கோயிலையும் பெரிய தெருவையும் வரைந்துவிட்டு, மிச்சமிருந்த மூலையில் தங்கள் வீட்டை நெருக்கி வைத்திருந்தனர். அவர்களுள் ஒரு சிறுமி எழுந்து, “சாரே, எங்க காலனியையும் இதுல போடணுமா?” என்று கேட்டாள். யாரும் அவளுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. பதினோரு வயதுக்குள் ஊரே கற்பித்திருக்கிறது, கரும்பலகையும் சுண்ணக்கட்டியும் இல்லாமல்!

பழகினால் போதும், பகை வராது என்பதும் சரியன்று. கடற்கரைப் பெண்கள் மீன்கூடையோடு உள்ளூர்த் தெருக்களுக்குள் நாள்தோறும் நடப்பவர்கள். எந்த வீட்டில் எந்த மீன் பிடிக்கும், எந்த வீட்டுப் பெண் பிள்ளை பெற்றிருக்கிறாள் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். அத்தனை பழக்கம் இருந்தும், 1982 மார்ச்சில் மண்டைக்காட்டில் தொடங்கிய மதக்கலவரம் கடற்கரையையும் உள்நாட்டையும் இரண்டாகப் பிளந்தது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. மண்டைக்காடு நாஞ்சிலுக்குச் சற்று மேற்கே என்று சொல்லித் தப்பிக்க முடியாது. அச்சமும் வதந்தியும் வட்ட எல்லையைப் பார்த்து நிற்கவில்லை. இத்தனைக்கும் 1954 ஆகஸ்டு 11இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் தாய்த் தமிழகத்தோடு இணைய வேண்டுமென்று குண்டடிபட்டு வீழ்ந்தவர்களின் மாவட்டம் இது. மொழியால் ஒரு பெரிய ‘நாம்’ கண்டவர்கள், மதத்தால் இரண்டு சின்ன ‘நாம்’ ஆனார்கள்.

தமிழகத்தின் பிற பகுதி மேலா? 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டத்து வேங்கைவயலில் பட்டியல் சாதி மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டி நீரில் மலம் கலந்திருந்தது. அதற்குமேல் அதைப்பற்றி எழுதக் கை கூசுகிறது.

இனி நம் இளைஞர்களின் கேள்விக்கு வருவோம். ‘இந்த ஊரை ஏன் கட்டி அழ வேண்டும்? சென்னை இருக்கிறது, வளைகுடா இருக்கிறது, போய்விட்டால் போயிற்று!’ என்கின்றனர். போவதைக் குறை கூற நமக்கு உரிமையில்லை. யார் மகன் என்று கேட்காத ஓரிடத்தில் ஒருநாள் மூச்சு விடுவதே விடுதலையாக இருப்போர்க்கு நகரம் நல்மருந்து. ஆனால் நகரம் கேட்காமலிருப்பது சமத்துவத்தாலா, அக்கறையின்மையாலா? வாடகைக்கு வீடு தேடும்போது அதே கேள்வி வேறு வாயிலிருந்து வருவதைப் பட்டவர்கள் அறிவர். போனவர்கள் போகட்டும், போக முடியாதவர்கள்தாம் மிகப் பலர். அவர்களை யாரிடம் விட்டுச் செல்கிறோம்?

புதிய ஊரையே கட்டிப் பார்த்ததும் உண்டு. 1997இல் அறிவித்து, மறு ஆண்டு மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் முதலாவதாகத் திறந்த பெரியார் நினைவு சமத்துவபுரத்தில் நூறு வீடுகள்: தாழ்த்தப்பட்டோர்க்கு நாற்பது, பிற்படுத்தப்பட்டோர்க்கு இருபத்தைந்து, மிகவும் பிற்படுத்தப்பட்டோர்க்கு இருபத்தைந்து, ஏனையோர்க்குப் பத்து. அடுத்தடுத்த வீடு, ஒரே சமுதாயக் கூடம், ஒரே சுடுகாடு. சாதியை ஒழிக்கச் சாதி பார்த்தா வீடு ஒதுக்குவது என்று கேலி பேசினர் சிலர். பார்க்காமல் ஒதுக்கிய ஆயிரம் ஆண்டுகளில் வாய்க்காலுக்கு இப்பால் எத்தனை பேருக்கு வீடு கிடைத்தது என்பதை அவர்கள் சொல்லட்டும். சுவரைப் பொதுவாக்க அரசால் முடியும். சாவு வீட்டுக் கஞ்சியைப் பொதுவாக்க அரசாணை போதாது. பழைய ஊருக்கு இருக்கும் அந்தக் கலையைப் புதிய எல்லைக்குள் கொண்டுவருவதுதான் பெரும்பாடு. ஆகவேதான் ஊரைக் கொளுத்துவோம் என்பாரோடும் நமக்கு உடன்பாடில்லை.

கணியன் பூங்குன்றனின் வரியைச் சுவர்தோறும் எழுதுகிறோம். எழுதிய சுவரின் நிழலில் இப்போது ஒரு புதியவன் நிற்கிறான். ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்தவன். கட்டடத்தில் கல் சுமக்கிறான், உணவகத்தில் இலை எடுக்கிறான். அவன் பிறந்த மாநிலம் எதுவானாலும் ஊர் அவனுக்கு வைத்த பெயர் ‘பெங்காலி’. சாதி கேட்பது இழுக்கென்று கற்ற நம் தோழர்களுள் எத்தனை பேர் அவன் பெயரைக் கேட்டிருக்கிறோம்? நம் பள்ளியில் அப்படி வந்த ஒருவரின் மகள் படிக்கிறாள். இரண்டே பருவத்தில் ழகரத்தை நம் பிள்ளைகளைவிடத் திருத்தமாக ஒலிக்கிறாள். அவள் தந்தைக்குத் திடீரென ஏதாவது நேர்ந்தால், எந்தத் தெருவில் அடுப்பு அணையும்?

அடுத்த கொடைக் கூட்டம் வரும். நோட்டு வெளியே வரும். கூட்டத்தில் இடமுள்ள இளைஞர்கள் எழுந்து, முடிவெடுக்குமுன் பெயர்களை உரக்கப் படிக்கச் சொல்லலாம், அது சட்டவிரோதமன்று. இடமில்லாதவர்கள் அடுத்த கிராமசபைக்கு, காலி நாற்காலிகள் நிரம்பும் அளவுக்குத் திரண்டு போகலாம். அதற்குமுன், விடுபட்ட பெயர்களை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்வோம்: வாய்க்காலுக்கு அப்பால் உள்ள வீடுகள், கணவனை இழந்து தனியே உலை வைக்கும் பெண்கள், சாலையோரக் கொட்டகையில் தங்கியிருக்கும் வெளிமாநிலத்தார். எழுத உட்கார்ந்தால் பல பெயர்கள் நமக்கே தெரியாது. வாசல் வாசலாகப் போய்க் கேட்டுத்தான் எழுத வேண்டியிருக்கும்.